பதினைந்து நிமிடச் சோதனை

"அக்கா, உன் பெட்டியில ஒரு தப்பு இருக்கு" என்றான் என் தம்பி.

ஒரு வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நலமா என்று கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேடையில் அவனுடைய சிந்தசைசர் ஒலித்துக்கொண்டிருந்தது. அவனுடையது என்றால் ஒரு லேப்டாப், அதில் ஒரு சாப்ட்வேர், அதோடு இணைத்த ஒரு வெற்றுக் கீபோர்டு. அவ்வளவுதான். வாசித்துக்கொண்டிருந்தவரை நாங்கள் எல்லோரும் புயல் என்போம். ஐம்பது வயதுப் பெண்மணி, வாசிக்க உட்கார்ந்தால் ஸ்டாண்டே ஆடும். அவன் முறை முடிந்ததும் அவர் பக்கத்து மேசைக்கு நகர்ந்து, அதே பதினெட்டு நிமிட இசையை என் பெட்டியில், நான் கையால் செய்த சிந்தசைசரில், வாசிக்க வேண்டும். முன்வரிசையில் கடைக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு ஊர்களில் இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர். "ரெண்டும் ஒரே மாதிரி சத்தம். ரெண்டையும் வெச்சா வர்றவங்க குழம்பிப் போவாங்க. ஒண்ணுதான் எடுப்பேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

என் பட்டறையில் நாற்பது பெட்டிகள் மூடி திருகி, அட்டையில் அடைபட்டு நின்றன. கடைக்காரர் தலையாட்டினால் அவை கிளம்பும். இல்லாவிட்டால் பட்டறையைச் சாத்திவிட்டு நான் டிவி ரிப்பேருக்குப் போக வேண்டியதுதான்.

"என்ன தப்பு?" என்றேன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு செகண்ட் ஊமையாயிடும்."

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "வேற ஆளைப் பாரு. ஒவ்வொரு பெட்டியையும் பதினஞ்சு நிமிஷம் வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் மூடியிருக்கேன்."

"அதான்க்கா பிரச்சனையே. பதினஞ்சு நிமிஷம்."

எங்கள் இருவருடைய தொழிலையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. நான் கையால் சர்க்யூட் பற்றவைக்கிறவள். மூடியைத் திருகிவிட்டால் முடிந்தது. உள்ளே ஒரு பிழை இருந்தால் அது வாங்கியவர் வீட்டில் என் பெயரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்ப்பேன். அவன் அப்படியில்லை. பாதி வெந்ததை வெளியே அனுப்புவான். யாராவது குறை சொன்னால் படுக்கையில் படுத்தபடியே திருத்தி, அப்டேட் என்று அனுப்பிவிடுவான். ஆயிரம் பேர் கம்ப்யூட்டரில் ஒரே நொடியில் தப்பு சரியாகும். எனக்கு அந்த வசதி மேல் பொறாமை உண்டு என்று ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை, அன்றைக்கு.

போன வருடம் இதே மாதிரி ஒரு மேடையில் அவன் லேப்டாப் நடுவில் உறைந்து நின்றது. எல்லோர் முன்னாலும் அணைத்து, மறுபடி போட்டான். அந்த அமைதியில் நான் சும்மா இருந்திருக்கலாம். முன்வரிசையிலிருந்து "என்னப்பா, அணைச்சுப் போட்டா சரியாயிடுமா?" என்று சத்தமாகக் கேட்டேன். அரங்கமே சிரித்தது. அவன் காது சிவந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அது போதாதென்று, இந்த வருட விளம்பரத் தாளில் நானே எழுதி அச்சடித்தும் விட்டேன்: 'மேடையில் அணைத்துப் போடத் தேவையில்லாத பெட்டி.' அரங்கத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் அந்தத் தாள் கிடந்தது.

"உள்ள இருக்கற சிப் ஞாபகமிருக்கா?" என்றான் தம்பி. "சுருதி சேர்க்கறது. நான் எழுதிக் கொடுத்தது."

ஞாபகமிருந்தது. சண்டைக்கு முந்தின வாரம் அவன் கடைசியாகத் திருத்திக் கொடுத்தது. பெட்டியைப் போட்டதும் அதன் சுருதியை அதுவே சரிசெய்துகொள்ள ஒரு சின்னச் சிப். அதை நாற்பதிலும் நான்தான் ஏற்றினேன்.

"அதை என் சாப்ட்வேர்லேர்ந்து அப்படியே எடுத்துப் போட்டேன். என் சாப்ட்வேரை வாங்காம சும்மா போட்டுப் பாக்கறவங்களுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு செகண்ட் சத்தம் நிக்கும். வாங்கிட்டா நிக்காது. அந்தத் துண்டும் சேர்ந்து உன் சிப்புக்குள்ள வந்திருக்கு. உன் பெட்டிகிட்ட யாரும் வாங்கினதா சொல்லலையே."

நான் இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புயல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உன் பெட்டியில ஹெட்போன் போட்டு ஒத்திகை பார்த்தாங்க இல்ல? 'உங்க அக்கா பெட்டி ஒரு இடத்துல முழுங்கிடுச்சு, என் விரல்தான் வழுக்கிருச்சோ என்னவோ'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எவ்வளவு நேரம்னு கேட்டேன். ரெண்டு செகண்ட்னாங்க. எப்பன்னு கேட்டேன். மூணு பத்துன்னாங்க. அப்ப அடுத்தது மூணு முப்பது."

என் கைக்கடிகாரத்தில் மூன்று இருபத்தேழு.

இது சூழ்ச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். மேடையேறி என் பெட்டியை நானே அணைக்க வேண்டும், அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்க வேண்டும், அதற்கு ஒரு கதை கட்டுகிறான். நான் அவனுக்குச் செய்ததற்கு வட்டியும் முதலும். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி யோசித்திருப்பேனா என்று கேட்டால், யோசித்திருப்பேன்.

"விளக்கைப் பாரு" என்றான்.

உள்ளே ஒலி வந்துகொண்டிருக்கும்வரை எரியும் சிவப்பு விளக்கு ஒன்று என் பெட்டியின் முகப்பில் உண்டு. சூடு குறையாமலிருக்க, சத்தத்தை முழுக்கக் குறைத்து ஒரு கட்டையை மட்டும் ஒலிக்கவிட்டு வைப்பது என் வழக்கம். அப்போதும் அப்படித்தான் வைத்திருந்தேன். விளக்கு சீராக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் புயல் தம்பியின் கீபோர்டை அதம் செய்துகொண்டிருந்தார்.

மூன்று நிமிடம் இருவரும் அந்தப் பொட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். எரிந்துகொண்டே இரு, எரிந்துகொண்டே இரு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மூன்று முப்பதுக்கு அணைந்தது. இரண்டு விநாடி. மறுபடி எரிந்தது.

அடுத்தது மூன்று ஐம்பது. புயல் என் பெட்டியில் மூன்று நாற்பத்தைந்து வாக்கில் ஆரம்பிப்பார். ஐந்தாவது நிமிடத்தில் ஒரே ஒரு மெல்லிய ஸ்வரம் மட்டும் நீண்டு நிற்கும் இடம். சரியாக அங்கே போய் விழும்.

"அணைச்சுப் போட்டா கணக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்" என்றான் மெதுவாக. "முதல் கட்டையை அழுத்தினதுலேர்ந்து இருபது நிமிஷம். பதினெட்டு நிமிஷ வாசிப்புக்குப் போதும்." கொஞ்சம் தயங்கி, "நான் போய் அணைக்கட்டுமா? கால் தட்டி வயர் கழண்ட மாதிரி பண்ணிடறேன். என்னைத் திட்டிக்குவாங்க."

"வாயை மூடு" என்றேன். "நானே போறேன்."

கைதட்டலோடு அவன் முறை முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புயல் எழுந்து தண்ணீர் குடித்தார். நான் மேடைக்கு நடந்தேன். வெளிச்சத்தில் நானூறு முகங்கள். என் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, சுவிட்சை அணைத்தேன். விளக்குகள் எல்லாம் செத்தன. ஐந்து எண்ணிவிட்டு மறுபடி போட்டேன்.

சுருதி சேர்க்க அதற்கு நாற்பது விநாடி ஆகும். அந்த நேரம் முழுக்கக் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்த நாற்பது விநாடியும் நான் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னம்மா, அணைச்சுப் போட்டா சரியாயிடுமா?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. யாரோ விளம்பரத் தாளை உயர்த்தி ஆட்டினார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். என் காது சுட்டது. தம்பியின் காது அன்றைக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆயிடும்" என்றேன் மைக்கில்.

பெட்டி தயாரானது. நான் திரைப்பக்கம் திரும்புவதற்குள் புயல் வந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், டங்கென்று ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். என் நெஞ்சில் அழுத்திய மாதிரி இருந்தது. கணக்கு ஆரம்பித்துவிட்டது. அவர் உடனே வாசித்தாலாவது பரவாயில்லை. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து என்னைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார், கீபோர்டு வரலாற்றைப் பற்றி இரண்டு வரி சொன்னார், அப்புறம் இன்னொரு நகைச்சுவை. தம்பி கடிகாரத்தைப் பார்த்தபடி பல்லைக் கடித்தான்.

"ஒண்ணே கால் நிமிஷம் போச்சு" என்றான். "பத்தொன்பதே கால்ல முடிஞ்சிடும். தாங்கும்."

புயல் தொடங்கினார். நான் செய்த கருவியை ஒரு நல்ல கலைஞர் வாசிப்பதைக் கேட்பதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அன்றைக்கு ஒரு ஸ்வரமும் என் காதில் ஏறவில்லை. நிமிடங்கள் மட்டும் ஏறின. மெல்லிய இடம் வந்து, நின்று, நீண்டு, போனது. பத்து. பதினான்கு. கடைக்காரர் கண்ணை மூடியிருந்தார், விரல் மட்டும் தாளம் போட்டது. பதினெட்டு. கடைசிப் பகுதி.

அங்கேதான் புயல் புயலானார். பெட்டி பிடித்துப்போய்விட்டது அவருக்கு. முடிக்க வேண்டிய அடியை முடிக்காமல் மறுபடி ஒரு சுற்று எடுத்தார். ஒத்திகையில் இல்லாதது.

"ஐயோ" என்றான் தம்பி. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது அப்படித்தான் பிடிப்பான்.

பத்தொன்பது முப்பது. பத்தொன்பது நாற்பது. புயல் கடைசி ஸ்வரத்தை அழுத்தி, கண்ணை மூடி, அதை நிற்கவிட்டார். பத்தொன்பது ஐம்பது. விடுங்க அம்மா, விட்டுடுங்க. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. கையை எடுத்தார்.

கைதட்டல் எழுந்தது. அதன் அடியில் ஒலி மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது, விளக்கும் மங்கிக்கொண்டே வந்தது. மங்கி முடிவதற்குள் பட்டென்று அணைந்தது. நானூறு பேரில் இரண்டு பேர்தான் அதைப் பார்த்தோம்.

கடைக்காரர் நேரே மேடையோரம் வந்தார். "இதைத்தான் எடுக்கறேன். நாற்பதும் நாளைக்கே ஏத்திடலாமா?"

தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இந்த வார்த்தை அவனுக்குக் கிடைத்திருக்கும்.

"நாளைக்கு முடியாது" என்றேன். "நாற்பதுலயும் ஒரு தப்பு இருக்கு. இருபது நிமிஷத்துல ஒரு தடவை ஊமையாகும். சிப்பை மாத்தணும். பத்து நாள் கொடுங்க. அப்பவும் இதுதான் வேணுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. "அதுக்குத்தான் அணைச்சீங்களா? சிப் யாரு எழுதினது?"

"அது நான்..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு" என்றேன். கடைக்காரரைப் பார்த்து, "யார் எழுதினா என்ன? சோதனை பண்ணி மூடியைத் திருகினது நான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்து நாள். பதினோராவது நாள் நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரங்கம் காலியானது. நான் பெட்டியின் வயரைச் சுருட்டினேன். தம்பி கிளம்பாமல் நின்றான்.

"நீ ஏன்டா சொன்னே?" என்று கேட்டேன். "பேசாம உட்கார்ந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பே."

"அந்த ரெண்டு செகண்ட் உன் மூஞ்சியைப் பாக்கணுமேன்னு பயமா இருந்துச்சு" என்றான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பெட்டிக்கு எத்தனை திருகு?"

"எட்டு."

"நாற்பதுக்கு முந்நூத்தி இருபதா? எனக்குன்னா ஒரே ஒரு பட்டன்."

"எங்கே, அழுத்து பாப்போம்" என்று ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் வைத்தேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்தான். நான் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வர. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் பட்டறைக்கு வந்துடு. இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மணி நேரம் சோதனை. பக்கத்துல உட்கார்ந்து நீதான் கேக்கணும்."