ஐந்தாவது பெயர்

பாப்பம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வாக்காளர் பட்டியலை விட்டால் அவள் பெயர் அதுவரை வேறெதிலும் அச்சாகி வந்ததில்லை. இப்போது வந்திருந்தது, அதுவும் வழவழத்தாளில். 'ஊர் வரலாற்று மன்றத்தின் மாதச் சொற்பொழிவு. பொருள்: பாகலூர்ப் பக்கத்துக் கிணறுகளும் ஏரிகளும். உரை: பேராசிரியர் மேகலா.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'சிறப்பு செய்யப்பெறுபவர்: திருமதி பாப்பம்மா.' கம்பெனியில் அவளோடு தரை துடைக்கும் கெம்பம்மா அதை மூன்று தடவை படித்துக் காட்டினாள். அரைநாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் வெங்கட், "என்னம்மா, எலெக்‌ஷன்ல நிக்கறியா?" என்று கேட்டுச் சிரித்தான்.

"அக்கா, கீழ மண்டபம் பேரு போட்டிருக்கு பாரு. விஜயகுமாருது," என்றாள் கெம்பம்மா.

"யாருதா இருந்தா நமக்கென்ன? பேசப்போறது அந்த டீச்சரம்மாதானே."

பாவி, அப்படித்தான் நம்பினாள்.

விஷயம் இதுதான். நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் விஜயகுமாரின் அப்பா சென்னப்பன் தன் தோட்டத்தில் கிணறு வெட்டினார். நாற்பதடிக்குக் கீழே பாறை. அனுமதியில்லாமல் தோட்டா வாங்கி வேட்டு வைத்தார்கள். ஒரு நாள் ஆறு வைத்ததில் ஐந்துதான் வெடித்தது. அடுத்த நாள்வரை பொறுத்து இறங்கலாம் என்று மேஸ்திரி சொன்னான். சென்னப்பன் கரையில் நின்றுகொண்டு, "பொழுது போவுது, எறங்குங்கடா" என்றார். ஐந்து பேர் இறங்கினார்கள், பாப்பம்மாவின் அண்ணனும்தான். வெடிக்காமல் கிடந்த ஆறாவது அப்போது வெடித்தது. அண்ணனுக்குக் களியுருண்டை கொண்டுபோன பன்னிரண்டு வயதுப் பாப்பம்மா, தூக்குப்போசியோடு கரையில் நின்று பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் ஐந்து பேரையும் புளியமரத்து வரப்போரம் புதைத்தாகிவிட்டது. போலீசும் வரவில்லை, ஒப்பாரியும் இல்லை. கேட்டால், பெங்களூருக்குக் கூலிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். குடிசை இருந்தது சென்னப்பன் நிலத்தில், வேலையும் அவரிடம்தான். சொல்லாமல் என்ன செய்வார்கள்?

பாப்பம்மாவின் அம்மா அதைச் சொன்னாள். ரேஷன் கார்டுக்காரனிடம் சொன்னாள், ஜனத்தொகை எடுக்க வந்தவரிடம் சொன்னாள், சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லிக் கடைசிக் காலத்தில் அவளே நம்பிவிட்டாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்குகிற ஆள்களின் முகத்தையெல்லாம் பார்ப்பாள். பாப்பம்மாதான் போய்க் கூட்டி வருவாள். பெற்ற மகள் அந்தக் கொடுமையை எட்டு வருடம் பார்த்தாள்.

அதனால் அவளுக்குச் சால்வை வேண்டாம், சாப்பாடு வேண்டாம். நாலு பேர் கூடின இடத்தில், மைக்கில், அண்ணன் பெயரைச் சொல்லி, அவன் பெங்களூருக்குப் போகவில்லை, கிணற்றில் செத்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மேகலா மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டு போனாள். பாப்பம்மாவுக்கு அழுகை வந்தால் தெலுங்கு வந்துவிடும்; மேகலா நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அண்ணன் பெயரைக் கேட்டபோது மட்டும் பாப்பம்மா வாய் திறக்கவில்லை. அண்ணனை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மூத்தவன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. கெம்பம்மாதான், "கரியப்பன், எழுதிக்கோங்க மேடம்" என்று எடுத்துக் கொடுத்தாள். அதே கிணற்றில் செத்த ராமக்காவின் மகள் கெம்பம்மா. அப்போது அவள் ஒரு வயதுக் குழந்தை. மேகலா இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, "இதுதாம்மா உண்மையான வரலாறு. அஞ்சு பேரையும் மேடையில சொல்றேன்" என்றாள். அன்றைக்கு அவள் கண்ணில் இருந்த தண்ணீர் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. லேஅவுட்டுகளில் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள், கம்பெனி என்ஜினீயர்கள், கன்னடம் பேசுகிற இரண்டு வாத்தியார்கள். மண்டபமும் சாப்பாடும் விஜயகுமார் உபயம் என்று மன்றச் செயலாளர் ரத்தினவேல் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விஜயகுமார் எழுந்து கும்பிட்டார்.

மேகலா நன்றாகத்தான் பேசினாள். ஏரி, மதகு, ஏற்றம் என்று ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. அந்தக் கிணறும் வந்தது. பாப்பம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் கெம்பம்மா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இது சென்னப்பன் அவர்கள் வெட்டிய கிணறு. பஞ்ச காலத்தில் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது." மேகலா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "இதைத் தோண்டும்போது சில விபத்துகளும் நடந்ததாகச் சொல்கிறார்கள்." படம் மாறியது. வேறு ஏதோ ஏரி, அதில் கொக்கு.

சில விபத்துகளாம்! சொல்கிறார்களாம்! ஐந்து உயிர் அரை வாக்கியத்தில் முடிந்துபோனது. பாப்பம்மா முழங்கையை விடுவித்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், அதற்குள் ரத்தினவேல் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். மேடையில் சால்வையோடு நின்றது யார்? விஜயகுமார்தான். போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள்.

"அம்மா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்று ரத்தினவேல் மரியாதைக்கு மைக்கை நீட்டினார். கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார், பாவம். பாப்பம்மா மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எனக்குப் பேசத் தெரியாதுங்க. அந்தக் கெணத்துல அஞ்சு பேரு செத்தாங்க. நான் கண்ணால பாத்தேனுங்க. அவங்க யாரும் பெங்களூருக்குப் போவலீங்க. அங்கயேதான், புளியமரத்து வரப்போரம் பொதைச்சாங்க. அவங்க பேர மட்டும் சொல்லிட்டுப் போயிடறேனுங்க."

விஜயகுமார் ரத்தினவேலைத் திரும்பிப் பார்த்தார். ரத்தினவேல் வேறெங்கோ பார்ப்பதுபோல மைக்செட்காரர் பக்கம் நடந்தார்.

"எல்லப்பன். அவருக்கு ரெண்டு பசங்க. திம்மராயன், கல்யாணமாகி ஆறு மாசம். ராமக்கா, இதோ ஒக்காந்திருக்காளே கெம்பம்மா, இவங்கம்மா. பெருமாளு, அவுரு எங்கூரே இல்ல, நாகரசம்பட்டிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவரு."

அண்ணனைக் கடைசியில் வைத்திருந்தாள். மற்ற வீட்டு ஆள்களை முதலில் சொல்லிவிட்டுத் தன் வீட்டு ஆளைக் கடைசியில் சொல்வதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. பந்தியில் உட்காரவைப்பதும் அப்படித்தான். அது மட்டுமில்லை. அந்தப் பெயர் வாயில் வந்ததே இல்லையல்லவா? அதற்கு ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இழுத்தாள்.

ஸ்பீக்கரில் நாட்டுப்பண் எழுந்தது.

மண்டபம் மொத்தமும் சடசடவென்று எழுந்து நின்றது. கம்பெனியில் கொடியேற்றும்போது பாப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆடாமல் நிற்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போன இரண்டு வருடத்தில் அவள் தப்பில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இப்போதும் மைக்கை இறக்கிவிட்டு, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சால்வை தோளிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவள் குனியவில்லை. எதிரே இருநூறு பேரும் நேராகப் பார்த்தபடி நின்றார்கள். மேகலா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது. பாப்பம்மா மைக்கைத் தூக்கி வாயருகே வைத்தாள். அது செத்துக் கிடந்தது. ஜனம் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பியாகிவிட்டது. நாற்காலிகள் இழுபடுகிற சத்தத்தில் அவள் தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

"அருமையா பேசுனீங்கம்மா, நேரமாயிடுச்சு, அதான்," என்று ரத்தினவேல் மைக்கை வாங்கிக்கொண்டார். விஜயகுமார் சால்வையை எடுத்து, உதறி, அவள் கையில் கொடுத்தார். சிரித்த முகம்தான்.

"இன்னும் அந்தக் காலனி வீட்லதான் இருக்கீங்களா? பட்டா ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"பாக்கலாம், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். குடிசையைக் காட்டி வாயை மூடவைத்த சென்னப்பனின் மகனல்லவா?

வாசலில் மேகலா ஓடிவந்து மறித்தாள். "அம்மா, மண்டபம் அவங்களுது, நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? புத்தகம் வரும்போது கண்டிப்பா எல்லாத்தையும் போடறேன்."

"போடும்மா. எங்கம்மா பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருந்தாளே, அவகிட்டப் போய்ச் சொல்லு, புத்தகத்துல வரும்னு." அதற்குமேல் பாப்பம்மாவுக்குத் தமிழ் வரவில்லை. நடந்துவிட்டாள்.

இரண்டு பேரும் சாப்பிடாமலே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். ரோட்டில் ஜூஜுவாடிப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கெம்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"எங்கம்மா பேர மைக்குல கேட்டுட்டேன்க்கா. அம்மாம்பெரிய ஸ்பீக்கர்ல. நான் அவ மூஞ்சியே பாத்ததில்ல." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அய்யோ, அண்ணனைக் கடைசியில வெச்சிட்டியேக்கா. மொதல்ல சொல்லியிருக்கக்கூடாதா?"

பாப்பம்மா லாரிகளைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுக்கா. நான் கேக்கறேன்."

பாப்பம்மா வாயைத் திறந்தாள். மேடையில் இழுத்த மூச்சு இன்னும் நெஞ்சிலேயே நின்றது.

"உனக்குத்தான் தெரியுமேடி," என்றாள்.