ஓய்வெடுத்த பீப்பாய்

சும்மா இருக்கிறவர்களைக் கண்டால் விசிலாருக்கு ஆகாது. மில்லில் முப்பது வருஷம் ஷிப்ட் மேஸ்திரி. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் சட்டைப்பையில் விசில் கிடக்கும். வீட்டுப் பூனை வெயிலில் படுத்திருந்தாலும் ஒரு ஊது ஊதி எழுப்பிவிடுவார். பாவம், அதுவும் அவர் மனசு நோகாமல் நாலு அடி நடந்துவிட்டுத்தான் மறுபடி படுக்கும், கண்ணுகளா.

அவருடைய மருமகளுக்குப் பால்பண்ணையில் வேலை. சாணக் குழியிலிருந்து வருகிற வாயுவில் ஏறக்குறையப் பாதி கரியமில வாயு. அது தானும் எரியாது, எரிகிறதையும் அமுக்கும். அதைப் பிடித்துவைக்க அவள் சிரட்டைக் கரியை யூரியாக் கரைசலில் ஊறவைத்து, காற்றுப் படாமல் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத கோடித் துளை விழவைத்து, இரண்டு பீப்பாய்களில் அடைத்திருந்தாள். குழி வாயு இதற்குள் புகுந்து வந்துதான் அடுப்புக்குப் போகும். ஒன்று வேலை செய்யும்போது, நிறைந்துபோன மற்றதை மோட்டார் பம்பு உறிஞ்சிக் காலியாக்கும். அரைமணிக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டும்.

பண்ணைக்காரம்மாவுக்கு நம்பிக்கையில்லை. ஓர் அண்டாப் பால் பொங்கும்வரை அடுப்பு அணையக் கூடாது, அணைந்தால் இரண்டு பீப்பாயும் பழைய இரும்புக் கடைக்கு என்று சொல்லிவிட்டாள். ஒன்றரை வருஷ உழைப்பு. 

மறுநாள் காலை அடுப்பு நீலமாகப் பிடித்தது. வால்வுக்கு மாமனாரை நிறுத்திவிட்டு அவள் பாலைக் கிண்டப் போனாள். விசிலார் பார்த்தார். ஒரு பீப்பாய் மாடாய் உழைக்கிறது, இன்னொன்று மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. பொறுக்குமா? இரண்டு வால்வையும் திறந்துவிட்டு, பம்பை நிறுத்தினார். தீ ஒரு விரல்கடை எழும்பியது. மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒருமணி நேரத்தில் இரண்டும் சேர்ந்தே நிறைந்துவிட்டன. தீ பர்னரை விட்டு எம்பி, இப்பவோ அப்பவோ என்று ஆடியது. பாலில் இன்னும் ஏடுகூடக் கட்டவில்லை. மருமகள் பாய்ந்து பர்னரின் காற்றுத் துளையைச் சாத்தினாள். தீ சோகை பிடித்தாற்போல ஒட்டிக்கொண்டது.

"என்ன மாமா செஞ்சீங்க?"

"ஒருத்தன் சும்மா நிக்கிறான்மா. நீ இடம் குடுக்குற."

"சும்மா நிக்கல மாமா. தின்னதைக் கக்கிக் காலியாகிட்டிருந்தான். காலியானாத்தானே மறுபடி திங்க முடியும்?"

ஒரு பீப்பாயை அடைத்துப் பம்பை ஓடவிட்டாள். மாமனாரை ஸ்டூலில் உட்காரவைத்து, இருபது நிமிஷம் எதையும் தொடக் கூடாது என்றாள். அவர் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். கால் ஆடியது. மருமகள் பார்த்தாள். அதுவும் நின்றது.

இருபது நிமிஷம் போய் வால்வைத் திருப்பி, காற்றுத் துளையையும் திறந்ததும் நீலம் திரும்பியது. அடுத்த பீப்பாய்க்குப் பம்பை மாற்றிவிட்டு, மாமனாரை எழுப்பிவிடலாமென்று போனவள் அப்படியே நின்றுவிட்டாள். விசிலார் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில்! பண்ணைக்காரம்மாவும் வந்து அதிசயத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் நேரம் போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் சொய்யென்று ஒரு சத்தம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது.

"அணைஞ்சிருச்சே," என்றாள் பண்ணைக்காரம்மா.

"பொங்கித்தானேம்மா அணைஞ்சுது."

பண்ணைக்காரம்மா பாலில் நனைந்த தன் செருப்பைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. பீப்பாய்கள் இருக்கட்டும், அண்டாவைப் பார்க்கத்தான் ஓர் ஆள் போட வேண்டும் என்றாள். பிறகு ஸ்டூல் பக்கம் குனிந்தாள்.

"பெரியவரே, தூங்குறீங்களா?"

விசிலார் கண்ணைத் திறக்கவில்லை.

"சும்மா இல்லம்மா. காலியாகிட்டிருக்கேன்."