ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம்

அவர்கள் பார்க்கப் போன பதினெட்டாவது வீடு அது. ஒரு தையல் கடைக்கு மேலே, முதல் மாடியில், இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை. அதற்கு மேலே அந்த வீட்டுக்கே உரிய மொட்டை மாடி. விற்பவர் முப்பது வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றே பெயர். அவர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. இருபத்திரண்டு படி இறங்கி ஏற முடியாமல், ஒன்றரை வருடமாக அந்த அம்மாள் தெருவை மிதிக்கவில்லை. அவர்கள் வேறொரு கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருப்பக்கமாக ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இது விற்றால்தான் அது.

வாங்க வந்தவள் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள். குத்துவதே தெரியாது என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் ஆறு வாடகை வீடு பார்த்தாயிற்று. இப்போதைய வீட்டின் சொந்தக்காரரும், மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு மாதம் ஓடிவிட்டது. பார்த்த பதினேழு வீட்டில் பன்னிரண்டு எட்டாத விலை. மீதி ஐந்தை, அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ கொத்திக்கொண்டு போனார்கள். இது எட்டும் விலை. எக்கி, நுனிக்காலில் நின்றால் எட்டும்.

“நல்ல காத்து வரும்மா. சன்னலத் திறந்தா விசிறியே வேண்டாம்” என்றார் கண்டக்டர்.

அவள் காற்றைப் பார்க்கவில்லை. வீடெல்லாம் பத்து வருடத்துப் பழைய வண்ணம், விரல் வைத்தால் சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்கிற வண்ணம். பின்னறையில் வடக்குச் சுவர் மட்டும் புதிதாகப் பளபளத்தது. கண்ணுக்குப் படாத நரம்பை விரலால் தேடிப் பழகியவள் அவள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். மற்ற சுவர்களைவிடச் சில்லென்று இருந்தது.

“இத மட்டும் ஏன் அடிச்சீங்க?”

“மேசை உரசி அழுக்காயிடுச்சு. பாக்க வரவங்களுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு…”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சுவரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. திரும்பிய பிறகு, பேச்சை நிறுத்தவில்லை.

“அந்தச் சுவர்ல ஏதோ இருக்கு.”

“ஒரு சுவருக்கு வண்ணம் அடிச்சது ஒரு குத்தமா?” என்றார் கணவர்.

“மேசை உரசினா இடுப்பு உயரத்துக்குத்தான அழுக்காகும்? கூரை வரைக்குமா உரசும்?”

அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள், பாதியில் விட்டுவிட்டு வந்தாள். துணி மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். மகளுடைய கணக்கைத் திருத்துகிறேன் என்று சரியான விடையை அடித்துவிட்டாள்.

“அம்மா, நீ போய் உக்காரு” என்றாள் பத்து வயது மகள்.

“குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாத” என்றார் கணவர். “வீட்டக் கட்டிப் பாருன்னுதான் பெரியவங்க சொல்லி வச்சாங்க. வாங்கிப் பாருன்னு சொல்லல. வாங்கிப் பாத்தவன் எவனும் சொல்றதுக்கு மிஞ்சியிருக்க மாட்டான்.”

அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போகிற பேருந்து முன்னால் நின்றும் அவள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் ஓடிப்போய், கண்டக்டர் தெருவுக்குப் போகிற பேருந்தைப் பிடித்தாள். இறங்கும்போது முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. தையல் கடையைத் தாண்டி வெளிப்படியில் ஏறியவள், முதல் மாடிக் கதவைத் தட்டாமல் நேரே மொட்டை மாடிக்கே போய்விட்டாள்.

மேலே கண்டக்டர் இருந்தார். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, வடக்குக் கைப்பிடிச் சுவரின் ஓரமாக ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து, மூலைக்கொரு செங்கல்லாக வைத்துக்கொண்டிருந்தார். காற்று ஒரு மூலையைத் தூக்கியது. அவர் ஓடிப்போய் அதை மிதிக்க, மறு மூலை கிளம்பியது. அதைப் பிடிக்கத் திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார்.

தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

“வழுக்கும்மா, கீழ போங்க” என்றார்.

“எவ்வளவு நாளா ஒழுகுது?”

அவர் வாயைத் திறப்பதற்குள் காற்று மொத்தத் தார்ப்பாயையும் சுருட்டி எடுத்தது. நுனியை விடாமல் பிடித்திருந்தவர் இரண்டடி இழுபட்டு, முழங்கால் மடிந்து விழப்போனார். அவள் பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் தொப்பலாக நனைந்து, ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி நின்றார்கள்.

“விடுங்க ஐயா.”

“ஒரு மூலையத்தான் பிடிக்கணும், கட்டிடலாம்…”

“விடுங்கன்னு சொல்றேன். நனையட்டும். எங்க ஒழுகுதுன்னு நான் பாக்கணும்.”

அவர் விட்டார். தார்ப்பாய் உருண்டு போய் எதிர் மூலையில் சுருண்டது.

கீழே பின்னறையில், அவர் மனைவி நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒரு துண்டை நீட்டினார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடத்தில் கூரை ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. பிறகு அது அகலமாகிக் கீழே இறங்கியது. புது வண்ணம் கொப்புளமாக எழும்பி, ஒன்று உடைந்து தண்ணீர் வழிந்தது.

“மறைக்காதீங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன்” என்றார் அந்த அம்மாள், கணவரைப் பார்க்காமல். “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேலை.”

கண்டக்டர் ஈரக் கோட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மொதல்ல வந்த மூணு பேருகிட்ட உண்மையச் சொன்னேம்மா. இங்க ஒழுகும், சரி பண்ணணும், விலையில குறைச்சுக்கறேன்னேன். ஒருத்தரும் திரும்பி வரல. ஒருத்தர் படி இறங்கறதுக்குள்ளயே போன்ல வேற வீடு பேசறார். மூணு தடவ கொத்தனாரக் கூட்டிட்டு வந்து மேல பூச்சு போட்டேன். பூசப் பூச இன்னும் அதிகமா ஒழுகுது. முப்பது வருஷம் சீட்டு குடுத்தவன், ஒரு பைசா ஏமாத்தினதில்ல. இதுல ஏமாத்திட்டேன்.”

அவளுக்குக் கோபம் பொங்கியது. திங்கட்கிழமை முன்பணம் கொடுத்திருந்தால், பன்னிரண்டு வருடச் சேமிப்பு இந்தச் சுவரோடு கரைந்திருக்கும். எழுந்து போய்விடலாம் என்று கைப்பையை எடுத்தாள். ஆனால் கால் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. போனால் பத்தொன்பதாவது வீடு. அதில் யார் எதைப் பூசி வைத்திருக்கிறார்களோ! கணவருக்குப் போன் செய்தாள்.

அவர் சீருடையோடு, கருவிப்பையோடு, மழை விட்ட சமயம் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “வா, போகலாம்” என்றார்.

“ஒரே ஒரு தடவ மேல போய்ப் பாருங்க.”

“எதுக்கு? பொய் சொல்லி விக்கிற வீட்டுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

“லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டா, ஏன் நின்னுச்சுன்னு பாக்காமலே திரும்பி வருவீங்களா?”

முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறினார். கண்டக்டரும் அவளும் பின்னாலேயே போனார்கள். மாடியில் வடக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மழைநீர் இறங்க வேண்டிய குழாய்த் துளை எதிர் மூலையில் தண்ணீர் வராமல் வெறுமனே கிடந்தது. அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளே குமிழி துளைப் பக்கமாக நகர்ந்தது. நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். நான்கு இடத்திலும் அப்படியே.

“குமிழி மேட்டுப் பக்கம்தான் போகும்” என்றார். கோபம் போய், குரலில் தொழில் தெரிந்தவரின் ஆர்வம் வந்திருந்தது. “துளை மேட்டுல இருக்கு, சுவர் பள்ளத்துல இருக்கு. பூச்சு மேல பூச்சு போட்டு வாட்டத்தயே தலைகீழா மாத்தி வச்சிருக்காங்க சார். தண்ணி என்ன பண்ணும்? போற வழிய அடைச்சா வர வழியில வரும்.”

அன்று மாலை வீட்டில் இருவருக்கும் சண்டை. மகள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த மனுஷன நம்பி வீடு வாங்கச் சொல்றியா?”

“மனுஷன எதுக்கு நம்பணும்? அதான் கண்ணால பாத்தாச்சே. இந்த வீட்டுக்கு என்ன நோயின்னு நமக்குத் தெரியும். மத்த பதினேழு வீட்டுக்கும் என்னன்னு தெரியுமா?”

“கொசு, நீ ரத்தம் எடுக்கறவ. டாக்டர் இல்ல.”

“நீங்க மெக்கானிக்தான? சரி பண்ணலாமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் நெடுநேரம் தாடையைத் தேய்த்தார். “பண்ணலாம்” என்றார்.

திங்கட்கிழமை முன்பணம் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பேச்சு போனது. முதலில் பழுது பார்ப்பது, அந்தச் செலவை விலையில் கழிப்பது, வேலை முடிந்த பிறகே கையெழுத்து. கண்டக்டர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கொத்தனாரை லிஃப்ட்காரரே பிடித்து வந்தார்.

பழைய பூச்சுகளை உடைத்து அள்ளவே மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் பின்னறையில் காரையைக் கொத்தியபோது கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கூரை ஓரத்தில் கம்பிகள் துருவேறிப் பருத்து, சிமெண்டைப் பிளந்துகொண்டு நின்றன. கொத்தனார் ஒன்றைச் சுரண்டினார். துரு இலை இலையாக உதிர்ந்தது.

“விழற நிலைமை இல்ல. ஆனா இப்படியே மூடினா தப்பு” என்றார். “துருவத் தேய்ச்சு எடுத்து, பக்கத்துல புதுக்கம்பி கட்டி மூடணும். பேசின கூலிக்கு இது ஆகாது.”

அவர் சொன்ன தொகையைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வங்கி ஒப்புக்கொண்ட கடனுக்கு மேல் வாங்குகிறவர்களால் ஒரு அடி நகர முடியாது. கண்டக்டரால் விலையைப் பேசியதற்குக் கீழே இறக்கவும் முடியாது.

அப்போது நாற்காலியிலிருந்து அந்த அம்மாள் சொன்னார்: “நாம தெருப்பக்கத்து வீட்ட விட்டுடலாங்க. அதே கட்டடத்துல பின்பக்கம் ஒண்ணு காலியா இருக்கே, அது விலை கம்மி. மிச்சத்த இதுல போடலாம்.”

“பின்பக்கத்துல சன்னலத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவருதான தெரியும்?” என்றார் கண்டக்டர்.

“தெரியட்டும். பழகின காட்சிதான.”

அவளுக்கு அந்த வாரம் முழுவதும் வேலை ஓடவில்லை. ரத்தக் குப்பியில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டப்போய், கடைசி நொடியில் கவனித்தாள். ஒன்றரை வருடம் மாடியில் அடைந்து கிடந்தவர் இன்னொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறார். அது இவள் கையைச் சுவரில் வைத்ததால் வந்தது. இல்லை, அவர்கள் மறைத்ததால் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் நெஞ்சு அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கணவரிடம் சொன்னாள். “கம்பி வேலையில பாதி நாம ஏத்துக்கலாம்.”

“எங்கேருந்து?”

“சமையலறை மேடை மாத்த வேண்டாம். அலமாரி வேண்டாம். சுவருக்கு வண்ணமும் வேண்டாம். வெறும் காரையோட குடிபோவோம்.”

“உனக்கு மனசு இளகிடுச்சு.”

“இளகினா இளகட்டும். எனக்குத் தூக்கம் வரணும்.”

அவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தாள். அவர், “மேடைய நானே போடறேன். பழைய லிஃப்ட் கதவுத் தகடு ரெண்டு கிடைக்கும்” என்றார்.

மீதிப் பாதியைத் தாங்கக் கண்டக்டரால் முடிந்தது. தெருப்பக்கத்து வீடும் கைவிட்டுப் போகவில்லை.

வேலை முடிந்து கையெழுத்தாகி, காலி செய்யச் சொன்ன கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னதாக அவர்கள் குடிவந்தார்கள். சாம்பல் நிறச் சுவர்கள். அலமாரி இல்லாததால் துணியெல்லாம் பெட்டியிலேயே இருந்தது. மகள் தன் அறைக் காரையில் பென்சிலால் ஒரு முழு மிருகக்காட்சிசாலையே வரைந்துவிட்டாள். அடுத்து வந்த இரண்டு மழையில் சுவர் கசியவில்லை. அவளும் மெல்ல ஓரிடத்தில் உட்காரக் கற்றுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைக் குழாய்த் தலை கழன்று தண்ணீர் பீய்ச்சியடித்தது. கணவர் இரண்டு கையாலும் ஓட்டையை அழுத்திக்கொண்டு கத்தினார்: “வீட்டுக்காரருக்குப் போன் பண்ணு!”

அவள் போனை எடுத்தே விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. “வீட்டுக்காரரே நீங்கதாங்க!”

கடைசியில் கண்டக்டரைத்தான் கூப்பிட்டாள். போனில் பின்னணியில் அந்த அம்மாள் தெருவில் போகிற யாரையோ சத்தம் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

“ஐயா, தண்ணிய மொத்தமா நிறுத்தற வால்வு எங்க இருக்கு?”

“படிக்கட்டுக்குக் கீழம்மா, இடது பக்கம், ஒரு மூடி இருக்கும்” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மெதுவாத் திருப்புங்க. அது கொஞ்சம் பழசு. அழுத்தினா கையோட வந்துடும்.”

“இதையும் சொல்லலியே நீங்க!”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா யாரும்மா வீடு வாங்குவா?”

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு இருபத்திரண்டு படியும் தடதடவென்று இறங்கி ஓடினாள். மேலிருந்து கணவர், “திருப்பிட்டியா, திருப்பிட்டியா?” என்று கத்திக்கொண்டே இருந்தார். மூடியைத் தூக்கி, வால்வைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கால் சுற்று திருப்பினாள்.