மினுங்கிய பாலம்

முப்பத்திரண்டாம் வருஷம் வட்டக்கானல் ஓடைக்குப் பாலம் போட வந்த ஓவர்சியர் அடைக்கலராஜுக்குக் கல்லைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படித்தான் அவர் நம்பியிருந்தார். கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைகா என்று மூன்று சரக்கு உண்டு என்பதைப் பரீட்சையில் பிசகில்லாமல் எழுதியவர். எது மிகுந்தால் கல்லுக்கு என்ன ஆகும் என்ற அடுத்த கேள்வியைத்தான் விட்டுவிட்டார்.

கல்குழியில் இரண்டு பலகைக்கல் தயாராகக் கிடந்தன. ஒன்று சாம்பல் பூசினாற்போல மங்கல். இன்னொன்று வெயில் பட்டதும் ஜரிகையாய் மினுங்கியது. துரைமார் நடக்கிற பாலமாயிற்றே என்று மினுங்கியதைக் கைகாட்டினார்.

கல் உடைக்கும் கித்தேரியம்மாள் சம்மட்டியைக் கீழே வைத்தாள். "அது வேணாங்கய்யா. மினுக்கம் பூராவும் காக்காப்பொன்னு. ஏடு ஏடாக் கெடக்கு, நகம் பட்டாலே உரியுது. பாரம் ஏறினா வரியோட பிரிஞ்சிரும். மங்கல்ல வெங்கச்சங்கல்லு நெறைய. பொடி மணியா ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு இருக்கு."

"காக்காப்பொன் இல்லை, அதுக்குப் பேரு மைகா. வெங்கச்சங்கல்லுக்குப் பேரு குவார்ட்ஸ்" என்று திருத்தினார் அடைக்கலராஜ்.

"சரிங்கய்யா, மைகா உரியுது" என்றாள் அவள்.

பேர் தெரிந்தவனுக்குக் குணம் தெரியாதா என்று அவருக்குச் சற்றுக் கோபம். மினுங்கிய கல்லே ஓடைமேல் ஏறியது.

பாலத்தைச் சோதிக்கும் நாளில், தம் தேர்வில் அவருக்கிருந்த நம்பிக்கையில் தாமே குடையோடு கல்லின் நடுவில் போய் நின்றார். உருளைக்கிழங்குப் பொதிமாட்டை ஓட்டிவரச் சொல்லி மாட்டுக்காரன் நல்லசாமியைக் கூப்பிட்டார். மாடு முன்னங்கால் இரண்டையும் கல்லில் வைத்தது. காய்ந்த பலகை விரிகிற மாதிரி ஒரு சத்தம். மாடு பின்வாங்கிவிட்டது. ஓவர்சியருக்கு அந்த யோசனை வருவதற்குள் கல் பிளந்து, அவர் இடுப்பளவு பனித்தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். விட்டுப்போன கேள்விக்கு விடை அங்கேதான் வரி வரியாக ஞாபகம் வந்தது.

நல்லசாமி கைகொடுத்துத் தூக்கினான். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சிரிங்கப்பா, நானே சிரிக்கத்தான் போறேன்" என்றார். அப்புறம் கித்தேரியம்மாள் சிரித்தது ஓடைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மறுவாரம் மங்கல் கல் ஏறியது. மாடு மட்டுமல்ல, அரைக்கும் எந்திரம் ஏற்றிய வண்டியே போனது. மேலாபீசுக்கு அவர் எழுதிய அறிக்கையில் ஒளிவுமறைவில்லை: "முதல் கல், ஓவர்சியர் தேர்வு, உடைந்தது. இரண்டாம் கல், கித்தேரியம்மாள் தேர்வு, உறுதி."

பத்து நாளில் பதில் வந்தது: "கித்தேரியம்மாள் என்பவர் எந்தக் கல்லூரியில் படித்தவர்?"

அடைக்கலராஜ் பேனாவை எடுத்து, "நான் படிக்காத கல்லூரியில்" என்று எழுதி அனுப்பினார்.