அரை ஷட்டர்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்த கம்பியை உமாதேவி உருவினாள். ஆளுயர இரும்புக் கம்பி, நுனியில் கொக்கி. கடை ஷட்டரை இழுக்க அப்பா வைத்திருந்தது. கடை கைவிட்டுப் போய் ஆறு வருடமாகியும் அதைப் பழைய இரும்புக்குப் போட அவர் விடவில்லை. கம்பி பீரோவில் உரசிய சத்தத்துக்கு, கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கடி கெளம்பிட்ட? அப்பாவ இன்னும் எடுக்கக்கூட இல்ல." கமலம்மாளுக்குக் குரல் கட்டியிருந்தது.

"கடைத்தெருவுக்கும்மா. போய்ச் சொல்லணும்ல."

அம்மா அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

வாசலில் தம்பி செந்தில்நாதன் சவ வண்டிக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"அக்கா, சும்மா ரகளை பண்ணாதே. அங்க யாரு இருக்கா இப்ப? அந்தத் தெரு ஒன்வே வேற. சுத்திக்கிட்டுத்தான் வரணும்."

"அப்பா கேட்டாருடா."

"அப்பாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, தெரு வழியா விடச் சொல்றேன். ஆனா எங்கயும் நிக்காது. மெதுவா போகும், அவ்ளோதான்."

அவர்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அப்பாவுக்கென்று அவள் செய்யக்கூடிய கடைசிக் காரியம் அந்தத் தெருவில்தான் இருந்தது.

காந்திநகர் முனையில் ஆட்டோ கிடைத்தது. கம்பி உள்ளே அடங்கவில்லை. பாதியை வெளியே நீட்டி மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"ஏனம்மா, காரஞ்சி கெரெயில மீன் பிடிக்கவா?"

"எங்கப்பா தவறிட்டாரு. அவரு கடையோடது இது."

அவன் பாட்டை நிறுத்திவிட்டான்.

அந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று தெரியாது. சயாஜிராவ் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் கடை வைத்திருந்த யார் இறந்தாலும், வண்டி தெரு வழியாகத்தான் போகும். வண்டி வருகிறது என்றதும் எல்லாக் கடைகளிலும் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாக இறங்கும் அந்தத் தடதடப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். முன்கூட்டி எல்லோரிடமும் போய்ச் சொல்லும் வேலை எப்படியோ அப்பா ரத்தினவேலுவிடம் வந்து சேர்ந்தது. ரிப்பன், வளையல், கொண்டை ஊசி விற்கும் வேல் ஸ்டோர்ஸை அப்படியே போட்டுவிட்டு, இந்தக் கம்பியைக் கையில் பிடித்தபடி கிளம்பிவிடுவார். கன்னடம், உருது, தமிழ், அரைகுறை இந்தி எல்லாவற்றிலும் சொல்வார். இழுக்க முடியாத வயசாளிகளின் ஷட்டரை அவரே இழுத்துவிடுவார். ஏன் பாதி என்று ஒருமுறை அவள் கேட்டாள். "முழுசா சாத்தினா பந்த்துன்னு நெனச்சு ஜனங்க வீட்டுக்குப் போயிடுவாங்க," என்றார்.

கட்டிடத்தை உடைமைக்காரரின் பிள்ளைகள் விற்றபோது கடைசியாகச் சாவி கொடுத்தவர் அவர்தான். அதன்பின் அந்தப் பக்கம் போகவே இல்லை. மருந்து வாங்கக்கூடச் சுற்றுவழியில்தான் போனார்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே நகர்த்திவிட்டுச் சொன்னார். "உமா, தெரு வழியா கொண்டு போங்க. எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிடு. வாட்ச் கடை பாயி, துணிக்கடை சேட்டு, பாத்திரக்கடை நாகராஜு. நாகராஜுக்குக் காது கேக்காது, கிட்டப் போய்ச் சொல்லு."

வாட்ச் கடை பாய் கொரோனாவில் போய்விட்டார். சேட்டு ஜோத்பூருக்கே திரும்பிவிட்டார். நாகராஜுவின் கடை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

"சொல்றேம்பா," என்றாள். அவர் மாஸ்க்கைத் தானே பழைய இடத்தில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் போய்விட்டார்.

தெருமுனையில் இறங்கி முதல் கடையிலேயே கேட்டாள். மூக்குக்கண்ணாடி விற்கும் கடை. சீருடை போட்ட பெண் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டெஸ்ட் நடக்குது மேடம், உள்ளே கஸ்டமர் இருக்காங்க," என்று கன்னடத்தில் சொன்னாள். ஐஸ்கிரீம் கடையில் காவலாளி மட்டும் பேசினான். ஓனர் பெங்களூரில் இருக்கிறாராம். அடுத்த கடையில் அவளுக்கு ஏதோ நன்கொடை வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கடை முகப்பிலும் அண்ணாந்து பார்த்தாள். கொக்கி மாட்ட வளையம் எங்கும் இல்லை.

அப்பாவின் கடை இருந்த இடத்தை மின்கம்பத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நான்கு கடைகளின் சுவர்களை இடித்து ஒரே ஷூ கடையாக்கியிருந்தார்கள். கம்பத்தடியில் பூ விற்கும் பசம்மா மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அய்யோ, அண்ணாவ்ரா? எப்ப கண்ணு?"

"நேத்து சாயங்காலம். வண்டி வருது பசம்மா, இந்தப் பக்கமா."

பசம்மா கூடையருகே கிடந்த ஈரச் சாக்கை உதறி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஷூ கடை வாசலில் உமாதேவி நின்றதுமே கண்ணாடிக் கதவு தானாக இரண்டாகப் பிரிந்தது. குளிர்ந்த காற்றும் இங்கிலீஷ் பாட்டும் வெளியே வந்தன. சட்டையில் பெயர்ப் பட்டை குத்திய மேலாளர் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னடத்தில் தொடங்கியவள் பாதியில் தடுமாறித் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"தமிழுங்களா? நமக்கு ராமாபுரமுங்க, ஹனூர் பக்கம். விஜய்குமார்," என்றான். அவள் சொல்லி முடிக்கும்வரை கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கூர்லயும் பொணம் போனா கடைய சாத்துவாங்க. இங்க எது உங்க கடை இருந்த எடமுங்க்கா?"

அவள் மின்கம்பத்தைப் பார்த்து, பிறகு உள்ளே பார்த்து, கணக்குப் போட்டுக் கை நீட்டினாள். "அந்த ஸ்கூல் ஷூ அடுக்கியிருக்கே, அங்க."

"ஷட்டர் இருக்குதுங்க. மேல சுருட்டி வெச்சிருக்கறாங்க. மோட்டார். ரிமோட்டு செக்யூரிட்டி கம்பெனிக்காரன் கையில. ராத்திரிதான் வருவான். நடுவுல எறக்குனா ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வந்துருமுங்க."

"பாட்டையாவது நிறுத்தலாமா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதும் அங்கிருந்துதான் வருதுங்க. இங்க சுவிட்சே இல்ல."

போன் அடித்தது. செந்தில்நாதன். "தெருவுக்குள்ள திரும்பிட்டோம்," என்றான்.

"வந்துட்டாங்க," என்றாள்.

விஜய்குமார் உள்ளே திரும்பிக் கையைத் தட்டினான். "ஏய், ரெண்டு நிமிஷம் எல்லாரும் வெளிய வாங்கப்பா." பிறகு அவளிடம், "வந்து நிக்கறமுங்க்கா. அது நம்மளால முடியும்," என்றான்.

வெள்ளை வண்டி ஆட்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே ஊர்ந்து வந்தது. பின்னாலிருந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. கடைக்காரப் பையன்களும் பெண்களுமாக ஐந்தாறு பேர் வாசலில் இரண்டு பக்கமும் நின்று கைகூப்பினார்கள். விஜய்குமார் கால்மிதியின் மேலேயே நின்றான். அவன் அங்கே நின்றதால் கதவு மூடவில்லை. இரண்டு கண்ணாடியும் விலகி அப்படியே நின்றன. சுவர்வரை வெள்ளை வெளிச்சம், அடுக்கடுக்காக ஷூக்கள், பாட்டு. கடை முழுக்கத் திறந்து கிடந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. நகரச் சொல்ல உமாதேவிக்கு வாய் வரவில்லை. பசம்மா சாக்கை இழுத்துப் பூக்கூடையைப் பாதி மூடினாள்.

வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாலைகள் தெரிந்தன. அப்பாவின் முகம் மறுபக்கம் இருந்தது. கட்டிய கால் பெருவிரல்கள் மட்டும் கடந்து போயின. உமாதேவி கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முன் இருக்கையில் இருந்த செந்தில்நாதன் கடைகளைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே, நடைபாதையில் வந்த ஒரு கணவனும் மனைவியும் கைகூப்பி நின்றவர்களைப் பார்த்தார்கள். மனைவி சிரித்துப் பதிலுக்குக் கைகூப்பினாள். இருவரும் அவர்களுக்கு நடுவே நடந்து, விஜய்குமாரைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் போனார்கள்.

விஜய்குமார் நகரவில்லை. உமாதேவியைப் பார்த்தான்.

"பத்து நம்பர் இருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போங்க தம்பி," என்றாள். "வியாபாரத்தப் பாருங்க."

அவன் மற்றவர்களை முதலில் உள்ளே அனுப்பினான். வண்டி தெரு முனையில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, கடைசியாகத் தானும் போனான். அவனுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.