17296-இன் கூட்டாளி

மேசைமேல் விரித்து வைத்திருந்த பூஅலாமின் இடது கையில் சார்ஜன்ட் கமூரி லத்தியை இரண்டாவது முறை இறக்கியபோது, சுண்டுவிரல் சுள்ளி மாதிரி ஒடிந்தது.

"ஸுபீரைத் தெரியுமா?"

"தெரியாது."

பத்து வருஷச் சிநேகிதம். துண்டறிக்கை அச்சடித்த ஸுபீர் தலைமறைவாகி மூன்று நாளாகிறது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த கேள்வி அவன் எங்கே என்பதுதான். அதற்கும் பூஅலாமிடம் பதில் இருந்தது.

கன்ஸ்தந்தீன் ஊருக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பூஅலாமை இறக்கியபோது அவன் பர்ஸிலிருந்து எடுத்த சீட்டை கமூரி நீட்டினான். 17296.

"இது என்னடா வாத்தியாரே? சங்கேதமா?"

பூஅலாமுக்கு மூச்சு வந்தது. கணக்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யாரும் மாட்டமாட்டார்கள்.

"வெறும் எண்ணுங்க. மிகை எண். இதை மீதியில்லாம வகுக்கிற சின்ன எண்களையெல்லாம் கூட்டினா, இதைவிடப் பெருசா 18416 வரும். அந்த 18416 குறை எண். அதோட வகுத்திகளைக் கூட்டினா திரும்ப இதே 17296 வந்து நிக்கும். இதுல ஆயிரத்து நூத்தி இருபது மிஞ்சுது, அதுல அதே அளவு குறையுது. அதனால நட்பு எண்கள்னு பேரு."

"நட்பா? எண்ணுக்குக்கூட கூட்டாளி கேக்குதா?" கமூரி பென்சிலை எடுத்தான். "சொல்லு, கூட்டிப் பாக்கறேன். தப்பா வந்துது, அடுத்த விரல்."

"18416-ஐ வகுக்கிறது ஒன்பதே எண்தான். ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அப்புறம் 1151. அதை ரெட்டிச்சா 2302, இன்னும் ரெட்டிச்சா 4604, 9208."

கமூரி நாக்கைக் கடித்துக்கொண்டு கூட்டினான். "16296. புளுகுற." லத்தி இறங்கியது. மோதிர விரல்.

வலியில் கண் இருண்டும் பூஅலாம் தலைகீழாகத் தெரிந்த அந்தக் கணக்கை விடவில்லை. "நூறுகள்ல பன்னிரண்டு வந்துது பாருங்க. அந்த ஒண்ணை ஆயிரத்துல ஏத்தணும். விட்டுட்டீங்க."

கமூரி மறுபடி கூட்டினான். 17296. முகம் மலர்ந்தது, பள்ளிக்கூடத்தில் ஒருமுறையும் சரியான விடை கிடைக்காதவனின் மலர்ச்சி. "அட! வந்துடுச்சே!" விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டான்.

"அழகா இருக்குல்ல?" என்றான் பூஅலாம். அவனை அறியாமலே கேட்டுவிட்டான்.

"ரொம்ப அழகு." கமூரி இழுப்பறையைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே தாள், பூஅலாமின் கையெழுத்து. 18416. ஒரு மூலை ரத்தத்தில் ஊறிக் காய்ந்திருந்தது.

"காலையில ஸுபீரைப் பிடிச்சோம், அவன் பையில இருந்தது இது. அவனும் உன்னைத் தெரியவே தெரியாதுன்னுதான் சாதிச்சான். இது என்னன்னு கேட்டா வாயே திறக்கல."

கமூரி எழுந்து நடைவழிப் பக்கம் கத்தினான். யாரோ ஒருவரைத் தரையில் இழுத்து வரும் சத்தம் கேட்டது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது போல. அது உரசும் சத்தத்தோடு வெறுங்கால் தேயும் சத்தமும் கேட்டது.