கத்தரிக்கோல் படம் போட்ட பட்டன்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுவாகக் கடைக்கு வந்தது. ஒரு லேப்டாப்புக்குள் உட்கார்ந்துகொண்டு மூன்று தடவை வந்தது. முதல் இரண்டு தடவையும் அதை வேலையாகத்தான் பார்த்தேன். மூன்றாம் தடவை வந்துபோனதிலிருந்து ஒன்பது நாளாக இதையே எழுதுகிறேன், இதையே அழிக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவள். கடை அண்ணனுடையது. திருகாணி, வயர், கருகிப்போன சர்க்யூட் பலகை எல்லாம் அவர் பார்ப்பார். திரைக்குள்ளே இருப்பது என் பாடு. கதை எழுதுவது இதற்கு நடுவில், ஆள் வராத நேரத்தில். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எது தெரியுமா? கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவருடைய பிரவுசரை அவருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவது. கண் மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்குவேன். விளம்பரம் அண்டாமல் செய்வேன். வேண்டாத பட்டனைத் தூக்கிவிட்டு வேண்டியதைக் கைக்கருகில் வைப்பேன். அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரிதான். போடப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரை வைத்து அளவெடுக்க வேண்டும். இந்த ஒரு தடவை நான் அதைச் செய்யவில்லை.

2

தொடக்கங்கள்:

‘அடைமழையில் நனைந்தபடி அவள் கடைக்குள் நுழைந்தபோது’ — மழையெல்லாம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

‘அவள் கன்னத்தில் ஒரு கீறல்’ — இதை மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. கீறல் எதையும் நான் பார்க்கவில்லை. கீறல் இருந்தால் உங்களுக்கு உடனே விளங்கிவிடும், எனக்கும் வேலை மிச்சம். அதற்காக ஒரு பெண்ணின் கன்னத்தை என் கையால் கீறுவதா?

‘எல்லாம் ஒரு பட்டியலில் தொடங்கியது.’ இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பட்டியலைக் கொண்டுவந்தவர் அவள் கணவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. பேச்சுக்குப் பேச்சு ‘நீட்டா’ என்பார். அவர் போன பிறகு அண்ணன் வைத்த பெயர் நீட்டு சார்.

“மேடம், வீட்ல மிஸஸ் யூஸ் பண்றது. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாங்க. தையல் வீடியோ பாக்கணும், அவ்ளோதான். தேவையில்லாததெல்லாம் எடுத்துட்டு நீட்டா பண்ணிக் குடுங்க.”

“எது தேவையில்லைன்னு சொல்லுங்க சார்.”

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. முகவரி எழுதுகிற பட்டை வேண்டாம். புதிய பக்கம் திறக்கிற பட்டன் வேண்டாம். தடம் பதியாமல் பார்க்கிற ரகசிய ஜன்னல் வேண்டாம். பார்த்ததை அழிக்கிற வசதி வேண்டவே வேண்டாம். (அடிக்கோடு போட்டிருந்தார்.) திறந்தால் மூன்று படம் மட்டும் தெரிய வேண்டும்: தையல், சமையல், வானிலை. பின்னணி வெளிர் சாம்பல்.

அண்ணன் எட்டிப்பார்த்தார். “என்ன, ஜெயில் கட்டுறியா?”

“கஸ்டமர் கேக்குறாரு, கட்டுறேன்” என்று சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

அவர் கேட்காத ஒன்றையும் செய்தேன்.* வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில், சும்மா, என் பங்குக்கு.

(* பிரவுசரில் ஒரு வசதி உண்டு. லேப்டாப்பிலும் போனிலும் ஒரே கணக்கில் நுழைந்திருந்தால், இங்கே வைக்கிற பட்டன், இங்கே சேமிக்கிற பாஸ்வேர்டு எல்லாம் அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருடைய கணக்கை அவருடைய போனோடு இணைத்து, “எல்லாம் உங்க கையிலயே இருக்கும் சார்” என்றேன். முகம் மலர்ந்துபோனார்.)

4

இங்கேதான் அவள் வருகிறாள். இரண்டு மாதம் கழித்து, தனியாக, லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு.

(கவனித்தீர்களா? கணவருக்கு ‘அவர்’, இவளுக்கு ‘அவள்’. திருத்தலாம் என்று போனேன். ‘அவர்’ என்று மாற்றியதும் அவள் என் கடையை விட்டு எட்டப் போய்விட்டாள். கிட்டவே இருக்கட்டும்.)

“அக்கா, சவுண்டு வரலை.”

பார்த்தேன். சத்தம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, வேறொன்றுமில்லை. “ஒண்ணுமில்லம்மா, ஆஃப் ஆகியிருக்கு. இதோ...”

“தெரியும்க்கா. நான்தான் ஆஃப் பண்ணேன்.” வாசலைப் பார்த்தாள். “அரை மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அரை மணி ஆகுற மாதிரி ஏதாவது செய்யுங்களேன்.”

கீபோர்டு இடுக்கெல்லாம் நீல நூல். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கலரை மாத்தலாமாக்கா?”

“தாராளமா. என்ன கலர் வேணும்?”

முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நிஜமாகவே யோசித்தாள். பிறகு, “வேணாம், கேப்பாரு” என்றாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். வேறொரு ஊரில் சீருடை தைக்கிற கம்பெனி. தங்க அறை தருவார்கள். முன்பு இவளோடு சேர்ந்து தைத்தவர் அங்கே சூப்பர்வைசர். வா வா என்கிறார். ஆனால் போனில் பேச முடியாது, தினமும் சாயங்காலம் அதைக் கணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். லேப்டாப்பில் ஒரு மெயில் இருந்தால் போதும். தேதி முடிவானதும் கிளம்பிவிடுவாள்.

“அடிக்கிறாரா?” நான்தான் கேட்டேன். எழுதுகிறவளுக்குப் புத்தி அப்படித்தான் போகிறது.

“அடிச்சா யார்கிட்டயாவது சொல்லலாமேக்கா” என்றாள்.

போன் அடித்தது. “ஆங்... பாத்துட்டிருக்காங்க... லேடிதான்... வெளிய ஒருத்தர் இருக்காரு, அவங்க அண்ணனாம்... இல்ல, நான் பேசல... சரி.” வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பதினெட்டு நிமிஷம் இருக்குக்கா.”

5

பதினெட்டு நிமிடத்தில் நான் செய்தவை: அவளுக்கு ஒரு மெயில் முகவரி. அதைத் திறக்க மேல்வரிசையில் ஒரு பட்டன். அந்தப் பக்கம் மட்டும் தடம் விடாமலிருக்க ஒரு சின்ன ஏற்பாடு. “டைப் பண்ண நேரம் இருக்காதுக்கா” என்றாள், அதனால் பாஸ்வேர்டை நினைவில் வைக்கும்படி பிரவுசரிடம் சொல்லிவிட்டேன். தொட்டால் நேராக உள்ளே போகும்.

“பட்டனுக்கு என்ன படம் வெக்க?”

“கத்தரிக்கோல் வெச்சிடுங்க. என் கத்தரிக்கோலை அவர் தொடவே மாட்டார். கைல நூல் ஒட்டும்னு.”

பெயர் ‘கழுத்து டிசைன்’ என்று கொடுத்தேன். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? சாம்பல் நிறத்துக்குள் சாம்பலாக, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அவள் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். திறந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்றை மறந்துவிட்டேன். என்ன என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள். ‘அடிப்பாவி, அந்தப் போன்!’ என்று கத்தியிருப்பீர்கள். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் எத்தனையோ லேப்டாப். சும்மா செய்துகொடுத்த வேலை என்பதால் சீட்டிலும் அதை எழுதி வைக்கவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பினாள். “ஒண்ணும் தப்பாயிடாதுல்லக்கா?”

“என் வேலைல தப்பே வராது, போ” என்றேன்.

இந்த வரியை மட்டும் எத்தனை தடவை அழித்தேன், தெரியுமா. அழித்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

6

மூன்று வாரம் கழித்து நீட்டு சார் வந்தார். அதே மடிப்பு, அதே இரண்டு பேனா.

“வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுங்க மேடம்.”

“மிஸஸுக்கு வேணாமா சார்?”

“அவங்க ஊருக்குப் போயிருக்காங்க.”

“எப்ப வருவாங்க?”

“இப்போதைக்கு இல்ல.” பிறகு போனை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். “அப்புறம் மேடம், இதச் சொல்லணும்னு நெனச்சேன். என் போன்ல ஒரு கத்தரிக்கோல் தானா வந்து உக்காந்துச்சு. தொட்டேன், நேரா உள்ள போகுது. நீங்க பண்ணிக் குடுத்தது நல்லாவே வேலை செய்யுது.”

குரலில் கோபமே இல்லை. (ஒரு வாசகர் கேட்பார்: ‘இவ்வளவு மரியாதையான வில்லனா? நம்ப முடியலையே.’ எனக்கும் நம்ப முடியவில்லை. இரண்டாம் வரைவில் அவரை மேசையைக் குத்த வைத்தேன். அப்படி எழுதினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

லேப்டாப்பைத் திறந்தேன். கீபோர்டில் ஒரு நூல் இல்லை. இடுக்கில்கூட இல்லை. துடைக்கிற மருந்து வாசம் வந்தது. மேலே மூலையில் கத்தரிக்கோல் இன்னும் இருந்தது. தொட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

பழைய நிலைக்குக் கொண்டுவருகிற பட்டனை அழுத்தினேன். ‘எல்லா மாற்றங்களும் போய்விடும். நிச்சயமாகவா?’ என்று கேட்டது. பிரவுசர்கூடக் கேட்கிறது, பாருங்கள். ‘ஆம்’ என்று அழுத்தினேன். சாம்பல் போய், கம்பெனி கொடுத்த நிறம் வந்தது.

“நீட்டா இருக்கு” என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

7

முடிவுகள்:

அ) அவர் கண்டுபிடிப்பதற்கு முந்தின நாளே அவள் கிளம்பிவிட்டாள். இப்போது ஜன்னலோரத் தையல் மெஷினில் உட்கார்ந்து காலர் தைக்கிறாள். சூப்பர்வைசர் அதட்டுகிறார், இவள் சிரிக்கிறாள். இதை நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

ஆ) நிஜமாகவே ஊருக்குத்தான் போயிருக்கிறாள். அம்மா வீட்டில், போன் இல்லாமல், வாசலுக்குப் போகவும் ஒருவர் துணையோடு. இது ஒன்றரைப் பக்கம்.

இ)

8

‘இ’யை எழுத உட்கார்ந்த அன்றுதான் உறைத்தது. மெயிலை உருவாக்கியவளே நான். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நான்கு நாளாக முடிவைக் கற்பனை செய்துகொண்டிருந்தேனே தவிர, போய்ப் பார்க்கவில்லை.

திறந்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். செய்துவிட்டேன்.

பழைய கடிதங்கள் எல்லாம் படிக்கப்பட்டிருந்தன. அவள் கடைசியாக அனுப்பியது: ‘வெள்ளிக்கிழமை காலை பஸ். வந்துடுவேன் அக்கா. மெஷின் ஓரமா குடுங்க.’ அதற்குப் பிறகு சூப்பர்வைசர் எழுதிய மூன்று, திறக்கப்படாமல் இருந்தன.

‘பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், எங்க இருக்க?’

‘என்னம்மா ஆச்சு? ஒரு வார்த்தை போடு.’

‘உன் இடத்துக்கு வேற ஆள் போடச் சொல்றாங்க. நான் திங்கள்வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்.’

அந்தத் திங்கள் போய்விட்டது. இந்த மூன்றையும் அவள் பார்க்கவில்லை. அவர் கையில் பட்டன் இருக்கிறது, அவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார். “போலீஸ்ல போய் என்னன்னு சொல்லுவ? கீபோர்டு சுத்தமா இருந்துச்சுன்னா?”

“ஆளக் காணோம்னு சொல்லுவேன்.”

“புருஷன் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்றான். நீ யாரு அவளுக்கு?”

உள்ளே வந்து கதையை மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். ‘இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை’ என்று.

9

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் எழுதுகிறவர் கையை விரித்து, ‘முடிவை உங்களிடமே விடுகிறேன்’ என்பார். நானும் அப்படி எழுதிவிட்டேன். படித்துப் பார்த்துவிட்டு அதையும் அழித்தேன். பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் தெரிந்துகொள்ள முடியாத முடிவில்லை இது. போய்ப் பார்க்காத முடிவு.

கடைச் சீட்டு இதோ மேசையில் இருக்கிறது. முதல் தடவை வேலை முடிந்ததும் லேப்டாப்பை வீட்டுக்கே அனுப்பச் சொல்லி நீட்டு சார் எழுதிக் கொடுத்த விலாசம். கடையிலிருந்து பத்து நிமிட நடை. மருந்துக்கடையைத் தாண்டி இரண்டாவது திருப்பம். காலை பதினோரு மணி, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன். எழுதுவதற்காக மறுபடி உட்கார்ந்துவிட்டேன், பாருங்கள்.

நான் எழுந்து போனேனா இல்லையா என்பதை நம்பி நீங்கள் இருக்க வேண்டாம். என் வேலையில் தப்பு வராது என்று அவளிடம் சொன்னவள் நான். சீட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறேன்.

எண் பதினேழு. முதல் மாடி, இடது பக்கம். பெல் வேலை செய்யாது. கதவைத் தட்டவும்.